எந்த வெல்டு விட்டது?

ராக்ஸ்பி டவுன்ஸ்
3 மார்ச் 2019

ரெனே,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் கடிதம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

உன் எதிர்வீட்டுக்காரர் டிராகன் நேற்று போன் செய்தார். "உன் தம்பி பொண்டாட்டி ஜாக் வாங்கிட்டு வந்திருக்கா. அந்தச் சிவப்பு மாஸ்டா ரிப்பேர அவளே முடிக்கப் போறாளாம். நீயாவது ஏதாவது சொல்லு, நான் சொன்னா முறைக்கிறா" என்றார்.

நான் சொன்னால் நீ இன்னும் முறைப்பாய். இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் காருக்கு அடியில் போகாதே. என் தம்பி கோரி அதற்கு அடியில் செத்து ஐந்து வாரம்தான் ஆகிறது.

போயே தீருவேன் என்றால் இதைச் செய். அது தரையோடு தரையாகக் கிடக்கிற கார். சாதாரண ஜாக் உள்ளே நுழையாது. உயரம் குறைந்த டிராலி ஜாக்கூட முன் பம்பரில் இடித்து நிற்கும். முன் சக்கரம் இரண்டையும் முதலில் பலகை மேல் ஏற்ற வேண்டும். நான்கு சென்டிமீட்டர் கனமுள்ள பலகை. அந்த நான்கு சென்டிமீட்டர் கிடைத்தால் ஜாக் நுழைந்துவிடும். ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டும். தாங்குவதற்கு ஸ்டாண்டு. கடையில் போய் முத்திரை குத்திய புது ஸ்டாண்டு நான்கு வாங்கு. நான் செய்து கொடுத்ததைப் போலீஸ் திருப்பிக் கொடுத்தால் வாங்காதே. வாங்கினாலும் குப்பையில் போடு.

ஒன்று கேட்க வேண்டும். இறுதிச் சடங்கு முடிந்து எல்லாரும் நிற்கும்போது நீ என்னைப் பார்த்து, "உன் இரும்புதான்டா அவரக் கொன்னுச்சு" என்று சொன்னாய். நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எந்த இடம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு ஸ்டாண்டில் பதினாறு இடத்தில் பற்றவைத்தேன். நான்கு ஸ்டாண்டு, அறுபத்து நான்கு இடம். எந்த வெல்டு விட்டது? நீ பார்த்திருப்பாய். அதை மட்டும் எழுது.

க்ளின்

*

டேவரன் பார்க்
11 மார்ச்

க்ளின்,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் குளிர்பெட்டி மேல் கிடந்தது. பிறகு படித்தேன்.

எனக்குப் புத்தி சொல்ல ராக்ஸ்பியில் உட்கார்ந்துகொண்டு ஒருவன். எதிர்வீட்டில் ஒருவன். உன் அம்மா பெவ் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, அந்தக் காரைப் பார்க்கக் கூடாதென்று பின்வாசல் வழியாக நுழைகிறாள். "பழைய இரும்புக்காரனக் கூப்பிட்டுக் கொடுத்துடு கண்ணு, கண்ணுல படாம போகட்டும்" என்கிறாள். எல்லாருக்கும் அது கண்ணில் படாமல் போக வேண்டும். எனக்கு அது அதன் சக்கரத்தில் ஓடி இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும். சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போக விடமாட்டேன். கோரியை அப்படித்தான் கொண்டுபோனார்கள், துணி போர்த்தி, இரண்டு பேர் தூக்கி. ஒன்று போதும்.

கார் ஃபேக்டரியில் பதினெட்டு வருஷம் அடுத்தவனுக்குக் கார் செய்தான். மூடும்போது கைகுலுக்கி ஒரு தொப்பி கொடுத்தார்கள். அதன் பிறகு தனக்கென்று அவன் வாங்கிய ஒரே பொருள் இது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார். "மூணாவது ஆள் யாரும் ஏற முடியாது பாரு, உன் மாமியார்கூட" என்றான். எட்டு மாதம் ஓட்டினான், கிளட்ச் போயிற்று.

இப்போது அந்தக் கியர்பாக்ஸ் துணி துவைக்கும் அறையில் ஒரு பழைய துண்டின் மேல் கிடக்கிறது. தினமும் காலையில் வேலைக்குச் சீருடை எடுக்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன். முதியோர் இல்லத்தில் எட்டு மணி நேரம் கிழவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிவிட்டு வந்து மறுபடி அதைத் தாண்டுகிறேன்.

நீ சொன்ன பலகை யோசனை நடக்காது, பெரிய மேஸ்திரி. கியர்பாக்ஸ் இல்லாத காரை எப்படிப் பலகை மேல் ஓட்டி ஏற்றுவது? ஜாக்கைத் தள்ளிப் பார்த்தேன். பம்பரின் கீழ் உதடு ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. வேறு வழி இருந்தால் எழுது.

வாடகை வீட்டு ஏஜென்ட்டிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஓடாத வண்டியை வீட்டு எல்லைக்குள் வைத்திருக்கக் கூடாதாம். இருபத்தெட்டு நாள் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அனுதாபமும் தெரிவித்திருக்கிறார்கள், அதே பக்கத்தில்.

அந்த இன்னொரு கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

ரெனே

*

ராக்ஸ்பி டவுன்ஸ்
17 மார்ச்

ரெனே,

கியர்பாக்ஸ் வெளியே இருப்பதை நான் யோசிக்கவில்லை. என் தப்பு. வேறு வழி இருக்கிறது.

டிக்கியில் காரோடு வந்த சின்ன ஸ்குரூ ஜாக் இருக்கும். பழைய சாக்கில் சுற்றி வலது மூலையில் வைத்திருப்பான். அது உயரம் குறைந்தது, எந்தத் தாழ்ந்த காருக்கும் நுழையும். கதவுக்குக் கீழே ஓரத்தில், முன் சக்கரத்துக்குப் பின்னால், இரண்டு சின்ன வெட்டு தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஜாக்கின் தலை உட்கார வேண்டும். வேறு எங்கே வைத்தாலும் தகரம் மடங்கும். சக்கரம் தரையைவிட்டு எழும் வரை சுற்று. டயருக்கு அடியில் பலகையைத் தள்ளு. இறக்கு. அடுத்த பக்கமும் அதே மாதிரி. இப்போது முன்பக்கம் பலகை மேல் நிற்கும். பெரிய ஜாக் நுழையும். முன்பக்கம் நடுவில் குறுக்கே ஒரு கனத்த இரும்புச் சட்டம் ஓடும், அங்கே வைத்துத் தூக்கு. எண்ணெய்ச் சட்டி பக்கத்திலேயே இருக்கும், அதில் வைத்துவிடாதே.

தூக்குவதற்கு முன்னால் எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வை. கைப்பிரேக்கை நம்பாதே. அது பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கம் எழும்பிவிட்டால் அது எதையும் பிடிக்காது.

ஸ்டாண்டு வைத்தபின் ஜாக்கை எடுத்துவிடாதே. லேசாகத் தொட்டபடி நிற்கட்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவை. எல்லாம் போனாலும் அந்தச் சக்கரத்தின் கனம் அளவு இடைவெளி மிஞ்சும். பிறகு எழுந்து நின்று காரைப் பிடித்து உலுக்கு. கோபமாக உலுக்கு. உனக்கு அது வரும். விழுவதானால் நீ வெளியே இருக்கும்போது விழட்டும்.

தனியாகச் செய்யாதே. டிராகன் வீட்டில் இருக்கும் நாளில் செய்.

எல்லாம் கான்கிரீட் தரையில். கொட்டகைக்குள் நல்ல கான்கிரீட் இருக்கிறதே, அங்கே. கோரியிடமும் அதைத்தான் சொன்னேன். அந்த ஸ்டாண்டுகளைக் கொடுத்த அன்றைக்கே சொன்னேன்.

பதில் சொல்லமாட்டேன் என்கிறாய். சரி. ஏன் கேட்கிறேன் என்று மட்டும் தெரிந்துகொள். எனக்குப் பிழைப்பு வெல்டிங். இருபத்திரண்டு வருஷமாக. நான் பற்றவைத்த சுரங்க ஏணிகளில் தினமும் நூறு பேர் ஏறி இறங்குகிறார்கள். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு துண்டை அறுத்துப் பார்க்கிறேன், உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று. போன வாரம் மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். "என்ன மேட், செஞ்சத நீயே அறுக்குற? உனக்குச் சம்பளம் ஒட்டுறதுக்கா வெட்டுறதுக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது என்னைப் பெயிண்ட் அடிக்க அனுப்பியிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி இங்கே ஸ்டேஷனில் என் வாக்குமூலம் எடுக்கிறார்கள். மரண விசாரணைக் கோப்புக்காக. நான்தான் செய்தேன், என் வேலையில்தான் கோளாறு என்று சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு என் வெல்டிங் உரிமத்தை யாரும் பிடுங்க வேண்டியதில்லை, நானே கொடுத்துவிடுவேன். என்ன கோளாறு என்று தெரிந்து சொன்னால் மரியாதையாக இருக்கும். அவ்வளவுதான்.

அம்மா போனை எடுப்பதில்லை. அவளுக்கு மாத்திரை தீராமல் பார்த்துக்கொள்.

க்ளின்

*

டேவரன் பார்க்
26 மார்ச்

க்ளின்,

கார் மேலே நிற்கிறது.

ஸ்குரூ ஜாக் வலது மூலையில்தான் இருந்தது, ஆனால் சாக்கில் இல்லை. என் பழைய பனியனில் சுற்றி வைத்திருந்தான். தொலைந்துவிட்டதென்று ஒரு மாதம் தேடிய பனியன்.

சனிக்கிழமை காலை டிராகனும் அவர் மகளும் வந்தார்கள். மூன்று பேரும் காரைக் கொட்டகைக்குள் தள்ளிக் கொண்டுபோனோம். முட்டுக்கட்டை வைத்தேன். அவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, "இது போதும்மா" என்றார். "போதாது. அது பின்சக்கரத்த மட்டும்தான் பிடிக்கும்" என்றேன். "யாரு சொன்னா?" என்றார். நான் பெயரைச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

இந்தத் தடவை கான்கிரீட்டில் வைத்தேன். ஏஜென்ட் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும்.

உலுக்கினேன். நீ சொன்ன மாதிரியே. டிராகனின் மகள் பயந்து இரண்டடி பின்னால் போனாள். கார் அசையவில்லை. ஆனாலும் அன்று நான் அடியில் போகவில்லை. ஞாயிறும் போகவில்லை. நேற்று வேலை முடிந்து வந்து, சீருடையோடு போனேன். டிராகன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து வேண்டுமென்றே சத்தமாக இருமிக்கொண்டிருந்தார், தான் இருப்பது எனக்குத் தெரிய வேண்டும் என்று.

கீழே அவ்வளவு இடம்கூட இல்லை, க்ளின். மூக்குக்கும் இரும்புக்கும் ஒரு கை அகலம். திரும்பிப் படுக்க முடியாது. கிரீஸ் படிந்த உறை மேல் அவன் நான்கு விரல் தடம் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. துடைக்கவும் இல்லை. புதுக் கிளட்ச் தட்டை அவன் ஏற்கெனவே பொருத்திவிட்டிருக்கிறான். ஆறு போல்ட்டும் இறுக்கியாகிவிட்டது. மீதி கியர்பாக்ஸைத் தூக்கி மாட்டுவது மட்டும்தான். அவ்வளவுதான் பாக்கி இருந்தது அவனுக்கு. இன்னும் ஒரு மணி நேர வேலை.

வெளியே வந்து உனக்கு எழுத உட்கார்ந்தேன். வேறு விஷயம் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

வாக்குமூலத்தில் அவசரப்பட்டு எதுவும் சொல்லாதே.

ரெனே

*

ராக்ஸ்பி டவுன்ஸ்
31 மார்ச்

ரெனே,

"இந்தத் தடவை கான்கிரீட்டில்" என்று எழுதியிருக்கிறாய்.

போன தடவை எதில் நின்றது?

சடங்குக்கு வந்த அன்று கார் வீட்டின் பக்கவாட்டில், தார்ப் பாதையில் நின்றது. தீயணைப்புக்காரர்கள் கொட்டகையிலிருந்து வெளியே இழுத்து விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு யார் என்னோடு பேசினார்கள், கேட்பதற்கு.

நேராகப் பதில் எழுது. ஒரு வரி போதும்.

க்ளின்

*

டேவரன் பார்க்
6 ஏப்ரல்

க்ளின்,

ஒரு வரி: தாரில் நின்றது. எந்த வெல்டும் விடவில்லை.

இந்த இரண்டு வாக்கியத்தையும் ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். மீதியையும் எழுதுகிறேன். நடுவில் நிறுத்தாமல் படி.

கோரி சனிக்கிழமை, பத்தொன்பதாம் தேதி, நீ சொன்னபடி கொட்டகைக்குள் கான்கிரீட்டில்தான் தூக்கினான். உன் நான்கு ஸ்டாண்டும் மலை மாதிரி நின்றன. செவ்வாய்க்கிழமை கியர்பாக்ஸை இறக்கினான். அப்போது கொஞ்சம் எண்ணெய் கொட்டிவிட்டது. புதன்கிழமை நான் வேலையிலிருந்து வந்ததும் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வீட்டு இன்ஸ்பெக்ஷன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஏஜென்ட் பெண் காமிராவோடு வருவாள். எங்கள் கட்டிலுக்கு அடியில், கழிப்பறைக்குப் பின்னால் எல்லாம் படம் எடுப்பாள். போன தடவை கொட்டகைத் தரையில் ஒரு தட்டு அளவு எண்ணெய்க் கறை. அதைப் படமெடுத்துச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினாள். "மறுபடி காணப்பட்டால் ஒப்பந்தம் நீட்டிப்பது பற்றிப் பரிசீலிக்க நேரிடும்." நீ கம்பெனி கொடுத்த அறையில் இருக்கிறாய், உனக்குத் தெரியாது. இங்கே ஒரு வீடு காலியானால் பார்க்க நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், குழந்தைகளோடு, சம்பளச் சீட்டோடு.

நான் சொன்னேன், "வெள்ளிக்கிழம அவ வர்றா. கார வெளிய எடு. தரையத் தேய்க்கணும்."

"இப்பதானே தூக்கியிருக்கேன், ரெனே. ரெண்டு நாள்ல முடிஞ்சிடும்."

"ரெண்டு நாள்ல முடிஞ்சா என்ன, கற போகுமா? வீடு போச்சுன்னா இந்தக் காருக்குள்ளயா குடித்தனம் பண்றது?"

"க்ளின் கான்கிரீட்லதான் வைக்கச் சொல்லியிருக்கான்."

"க்ளின் வந்து நமக்கு வீடு கொடுப்பானா?"

இதைச் சொன்னது நான்தான். அவன் சிரித்தான். "அதுவும் சரிதான், அவன் ரூம்ல ஒரே கட்டில்" என்றான். இருவரும் சேர்ந்து இறக்கி, பக்கவாட்டுத் தார்ப் பாதைக்குத் தள்ளினோம். நான் முட்டிபோட்டு அந்தக் கான்கிரீட்டைத் தேய்த்தேன், ராத்திரிச் சாப்பாட்டு நேரம் தாண்டியும். வெள்ளை வெளேரென்று ஆனது.

வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை. காலை ஐந்தரைக்கே வெயிலுக்கு முன்னால் என்று தொடங்கினான். நான் கிளம்பும்போது கார் ஸ்டாண்டில் நின்றது. பார்த்தேன். நேராகத்தான் நின்றது. "பத்து மணிக்குள்ள நிறுத்திடு" என்றேன். "சரிம்மா" என்றான். அன்றைக்கு எத்தனை டிகிரி என்று உனக்குத் தெரியும். நாற்பத்தாறு. எங்கள் இல்லத்தில் குளிர்சாதனம் நின்றுபோய் ஈரத்துண்டை மாற்றி மாற்றிக் கிழவிகளின் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் எனக்குப் போன் செய்தானா என்றுகூடப் பார்க்கவில்லை. செய்யவில்லை.

மூன்றரைக்கு வந்தேன். அதை எழுதமாட்டேன்.

பின்பக்க ஸ்டாண்டு ஒன்று சாய்ந்திருந்தது. அதன் ஒரு கால் தாருக்குள் ஒரு விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது. அன்று அந்தத் தாரில் என் செருப்பே ஒட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயசுப் போலீஸ்காரன் குனிந்து பார்த்துவிட்டு மற்றவனிடம் சொன்னான், "ஸ்டாண்டு ஒடையல. வெல்டு எல்லாம் நல்லா இருக்கு. தரைதான் இளகிடுச்சு." நான் மூன்றடி தள்ளி நின்றேன். தெளிவாகக் கேட்டது.

கேட்டுவிட்டுத்தான் சடங்கில் உன்னைப் பார்த்து அப்படிச் சொன்னேன். நீ அழுதுகொண்டு எதிரே வந்தாய். "எப்படி ரெனே, எப்படி ஆச்சு?" என்றாய். யாராவது ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. என் பெயரைச் சொல்ல முடியவில்லை. உன் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்ன பிறகு திரும்ப எடுக்க வழி தெரியவில்லை. உன் நம்பரைத் தடுத்தது உன் மேல் கோபத்தில் இல்லை. நீ கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயம்.

இதோடு ஒரு பக்கம் வைத்திருக்கிறேன், நகல். வெள்ளிக்கிழமை காலையில் ஏஜென்ட் மெசேஜ் அனுப்பினாள், துயரத்தில் பங்குகொள்வதாகவும் இன்ஸ்பெக்ஷனை பிப்ரவரி எட்டுக்கு மாற்றியிருப்பதாகவும். எட்டாம் தேதி வந்தாள். அறிக்கையில் என்ன எழுதினாள் பார். "கொட்டகைத் தரை: சுத்தம். பக்கவாட்டுப் பாதை: தாரில் துளைகள், ஒன்று ஆழமானது. வாடகைதாரர் சொந்தச் செலவில் சரிசெய்ய வேண்டும்." அதற்கும் படம். அதற்கும் சிவப்பு வட்டம். அந்த வட்டத்துக்குள் இருக்கும் துளையில்தான் உன் தம்பி செத்தான். அவளுக்கு அது தெரியும். வேலை அப்படி, வட்டம் போடத்தான் வேண்டும்.

புதன்கிழமை நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். உனக்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

உரிமத்தைக் கொடுத்துவிடாதே.

ரெனே

*

ராக்ஸ்பி டவுன்ஸ்
14 ஏப்ரல்

ரெனே,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. முதல் நாள் எழுதியதைக் கிழித்துவிட்டேன். அதில் இருந்த வார்த்தைகளை நீ படிக்க வேண்டாம்.

பதினோரு வாரம். பதினோரு வாரம் நான் அறுபத்து நான்கு வெல்டையும் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் ஓட்டிப் பார்த்தேன். பெவ் என் அம்மா. அவள் என் குரலைக் கேட்டதும் போனை வைத்தாள், பிறகு எடுக்கவே இல்லை. நீ ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்திருந்தாய்.

இறக்கச் சொன்னதற்காக உன்மேல் கோபம் இல்லை. அதை நம்பு. என் வீடாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். மறைத்ததற்குக் கோபம் இருக்கிறது. அது போகும் என்று என்னால் இப்போது எழுத முடியாது.

நீ எழுதியபிறகு நானும் ஒன்றை எழுதியாக வேண்டும். கடையில் விற்கிற ஸ்டாண்டில் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் சின்னத் தகடு இருக்கும், பாதம் மாதிரி. என்னுடையதில் இல்லை. வெறும் கோண இரும்பு, கத்தி முனை போல. கான்கிரீட்டில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் நிற்கும். தாரில், மண்ணில், எங்கே வைத்தாலும் கீழே போகும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை முடியும் நேரம். ஆறு மணி நேரம் கார் ஓட்டி அடிலெய்டு வர வேண்டும், கோரியோடு பியர் குடிக்க வேண்டும். பதினாறு தகடு வெட்டிப் பற்றவைக்க ஒரு மணி நேரம் ஆகும். "கான்கிரீட்ல மட்டும் வைடா" என்று சொன்னால் போதும் என்று நினைத்தேன். பதினாறு தகட்டுக்குப் பதிலாக ஒரு வாக்கியத்தைக் கொடுத்தேன்.

அவன் தாரில் வைக்கும்போது ஒரு பலகையை அடியில் போட்டிருந்தாலும் போதும். அதுகூடச் சொல்லவில்லை நான். கான்கிரீட்டைத் தவிர வேறு எங்கும் வைப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. கான்கிரீட் தரை இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாத வீடு ஒன்று இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

வியாழக்கிழமை இதைத்தான் சொல்லப்போகிறேன். வெல்டு நன்றாக இருந்தது, பாதம் இல்லை என்று. நீ உன்னுடையதைச் சொல்லு. நான் என்னுடையதைச் சொல்கிறேன்.

அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். போலீஸ் காகிதத்திலிருந்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

க்ளின்

*

டேவரன் பார்க்
24 ஏப்ரல்

க்ளின்,

ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம். அன்றைக்கு வந்த அதே சின்னப் பையன்தான் தட்டச்சு செய்தான். நான் சொன்னதையெல்லாம் அடித்துவிட்டு, ஏஜென்ட் அறிக்கையை மட்டும் என்னிடமே திருப்பித் தந்தான்.

"இது சம்பந்தமில்லைங்க. இறப்புக்குக் காரணம் தரை இளகுனது. வாடக விஷயமெல்லாம் இதுல வராது."

"ஏன் தரை மாறுச்சுன்னு எழுதுவீங்களா?"

"அதுக்கு இதுல எடமில்லைங்க."

"அப்ப எடம் போடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம். கடைசியில் ஒரு உலோக ஊசியால் அந்தப் பக்கத்தைக் கோப்போடு குத்திவைத்தான். மரண விசாரணை நடத்தும் கொரோனர் அதைப் படிப்பாரா, புரட்டிவிட்டுப் போவாரா, தெரியாது. ஆனால் அது அங்கே இருக்கிறது. சிவப்பு வட்டத்தோடு.

பெவ்விடம் ஈஸ்டர் ஞாயிறு அன்று சொன்னேன். நான் போய்ச் சொன்னேன், அவள் வீட்டில். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சொன்னேன். முடித்த பிறகு வெகுநேரம் மேசைவிரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "அன்னைக்கு அவன் ஏதாவது சாப்பிட்டானா?"

நான் இரண்டு துண்டு ரொட்டி, வெஜிமைட் தடவி, சமையல் மேடையில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். வரும்போது தட்டு காலியாகப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கிடந்தது. அதைச் சொன்னேன். தலையசைத்தாள். "நீ இப்ப போ கண்ணு" என்றாள். கோபமாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. இந்த ஞாயிறு வருவாளா என்றும் தெரியவில்லை.

உனக்குப் போன் செய்தாளாமே. டிராகன் சொன்னார். அந்த ஆளுக்கு எல்லாம் தெரிகிறது.

நேற்று ஏஜென்ட்டின் கடிதம். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. காரணம் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லையாம். ஜூன் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எதற்காக அந்தக் கான்கிரீட்டைத் தேய்த்தேனோ அது போயிற்று. படித்துவிட்டு அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்க் கொட்டகையில் விளக்கைப் போட்டேன். கார் கான்கிரீட் மேல் நிற்கிறது. பக்கத்தில் எண்ணெய் கொட்டியிருக்கிறது. தாராளமாகக் கொட்டியிருக்கிறது.

கியர்பாக்ஸ் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். டிராகனுக்கு முதுகு சரியில்லை. தனியாகத் தூக்கி மாட்ட முடியாது. உன்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. நிலைமையைச் சொல்கிறேன்.

ரெனே

*

ராக்ஸ்பி டவுன்ஸ்
28 ஏப்ரல்

ரெனே,

அம்மா போன் செய்தாள். "எப்படா வர்ற?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை வருகிறேன். பத்து மணிக்கு உன் வீட்டில் இருப்பேன். சமாதானம் பேச வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அதற்கு எனக்கு இன்னும் வாய் வராது. நாம் அதிகம் பேசாமலே வேலை செய்யலாம். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், அதனால் வருகிறேன்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வந்த இடத்தில் தடுமாற வேண்டாம். போன செவ்வாய் இங்கே ஒரு டிரெய்லருக்கு அடியில் படுத்து ஒரு போல்ட்டைப் பார்க்கச் சொன்னார்கள். அது இடுப்பு உயரத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்பது. ஒரு யானை வந்து சாய்ந்தாலும் அசையாது. தோள் வரைக்கும் போனேன். அதற்கு மேல் போக முடியவில்லை. வெளியே வந்து குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

அதனால் காருக்கு அடியில் நீதான் போக வேண்டியிருக்கும். கியர்பாக்ஸை இன்னொரு ஜாக்கில் வைத்து அங்குலம் அங்குலமாக நான் உயர்த்துகிறேன். நீ உள்ளேயிருந்து அதன் தண்டு கிளட்சுக்குள் நேராக நுழைகிறதா பார்த்து, இடது, வலது என்று சொல். கையை நடுவில் வைக்காதே. நுழைந்ததும் மேல் போல்ட் இரண்டையும் முதலில் விரலால் சுற்று.

நீ போவதற்கு முன்னால் காரை நான் ஒரு தடவை உலுக்குவேன், நீயும் ஒரு தடவை உலுக்கு. நீ முழுசாக வெளியே வந்து எழுந்து நிற்கும் வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன்.

க்ளின்